தோட்டத்து அடுப்பில் புகையைக் குறைப்பது எப்படி?

வணக்கம் மக்களே! பின்னாடி தோட்டத்தில் அண்டா வைத்து வெந்நீர் காய்ச்சுவதும், ஞாயிற்றுக்கிழமை விறகடுப்பில் பிரியாணி போடுவதும் நம்ம வேலூர் பக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுப்பு பற்றிக்கொள்வதற்குள் பக்கத்து வீட்டு அக்கா மாடியில் காயும் துணியை எடுக்க ஓடி வந்துவிடுகிறார். அவர் கோபம் நியாயமானதுதான்.

புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற விறகு. சூடு ஏறியதும் விறகிலிருந்து ஆவி கிளம்பும். கிட்டத்தட்ட 600 டிகிரி சூடும் தேவையான காற்றும் கிடைத்தால் அந்த ஆவியே தீயாக எரிந்துவிடும். இல்லையென்றால் நம் கண்ணுக்குத்தான் வந்து சேரும்.

இதோ பாருங்கள், இரண்டுமே வேலிக்காத்தான் கட்டைதான். இது போன வருடம் வெட்டிப் பிளந்து அடுக்கியது. முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, பட்டை தானாகவே உரிகிறது, தட்டினால் 'டங்' என்கிறது. இது போன வாரம் வெட்டியது, தட்டினால் 'தொப்'. அடுப்பில் வைத்தால் முனையில் நுரை கக்கிக்கொண்டு 'ஸ்ஸ்' என்று சீறும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2,260 கிலோஜூல் சூடு செலவாகும். அப்புறம் தீ எங்கே சூடேறும்? ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் நமக்கு இலவசம். பிளந்து, காற்றுப் புகும்படி அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே மட்டும் தகரம் போடுங்கள். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றிவிட்டால் உள்ளேயே வேர்த்துவிடும்.

அடுத்து காற்று. சாம்பலை வாரிவிட்டு, மூன்று கல்லுக்கு நடுவில் இந்தப் பழைய கம்பி வலையைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வைக்கிறேன். கீழே இருந்து காற்று ஏறினால் ஊதுகுழலுக்கு வேலையே இல்லை. விறகை வாய் அடைக்கத் திணிக்காதீர்கள். மணிக்கட்டு கனத்தில் இரண்டு மூன்று துண்டு, முனை மட்டும் எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். அண்டாவும் தீயின் மேல் உட்காரக்கூடாது. தண்ணீர் நிறைந்த அடிப்பாகம் பட்டால் தீ குளிர்ந்து கரி அப்பும்.

பாத்திரம் வைக்காமல் குளிர் காய மூட்டினால், தடிக்கட்டையைக் கீழே வைத்து, சுள்ளியை மேலே போட்டு உச்சியில் பற்றவையுங்கள். கீழே கிளம்பும் ஆவி மேலே இருக்கும் தீயைத் தாண்டித்தான் போகணும். பெரும்பாலும் அங்கேயே எரிந்துவிடும்.

மார்கழி விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்கும். புகை மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்துவிடும், அதுவும் சுற்றிலும் மலை இருக்கிற நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறட்டும், பற்றவைக்கலாம். பிளைவுட், பெயின்ட் அடித்த கட்டை, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. புகை தெரியாவிட்டாலும் அதில் விஷம்தான். அதேபோல் தணலை வாரிக்கொண்டு மூடிய அறைக்குள் போகாதீர்கள், கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றுவதுதான் நிறையப் பேர் செய்வது. அப்போது கிளம்புகிற புகை இருக்கிறதே! கட்டைகளைப் பிரித்து வைத்து, தணல் மேல் மணலைப் போட்டு மூடுங்கள். ஆறியதும் கரியைப் பொறுக்கி வையுங்கள். அடுத்த வாரம் அடுப்பு மூட்ட அதுதான் முதலில் வேண்டும்.