ஏர் ஏறும் நேரம்

அனைவருக்கும் வணக்கம். லாரி ஓட்டும் தம்பிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம், உங்களை நினைத்துத்தான் வந்தேன். நான் டாக்டர் இல்லை. 31 வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். டீசல் புகை உடம்பை என்ன செய்யும் என்று வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிப் படித்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

காலை நாலரை மணிக்கு டிப்போ எப்படி இருக்கும் தெரியுமா? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிரேக்குக்கு வேண்டிய காற்று இறங்கியிருக்கும். அது ஏறாமல் வண்டியை நகர்த்த முடியாது. அதனால் வண்டிகளை வரிசையாக ஸ்டார்ட் செய்து விட்டுவிடுவார்கள். "ஏர் ஏறட்டும்ணே" என்று சொல்லிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போவார். நாங்கள் அந்தப் புகைக்கு நடுவில் நின்று வேலை பார்ப்போம். ஷிப்ட் முடிந்து மூக்கைச் சிந்தினால் துண்டில் கறுப்பாக வரும். ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டால் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நானும் எத்தனையோ நாள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

துண்டில் வந்த அந்தக் கறுப்பை மூக்கு பிடித்து நிறுத்தியது. அதோடு போயிற்று. மூக்கால் பிடிக்க முடியாதது எங்கே போகிறது? அதுதான் விஷயம்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் குறுக்களவு சுமார் 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் இருப்பவற்றை நுண்துகள் என்கிறார்கள். டீசல் என்ஜின் கக்கும் துகள்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை 0.1 மைக்ரானைவிடச் சிறியவை. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல், நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றுப் பைகள் வரைக்கும் இவை போய்விடும். சும்மா கரித்தூள் என்று நினைக்காதீர்கள். சரியாக எரியாத டீசலும் ஆயிலும் பிசுக்காக அதன் மேல் ஒட்டியிருக்கும். புற்றுநோய் வரவைக்கும் பொருள்கள் அந்தப் பிசுக்கில்தான் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-இல் டீசல் புகையை "அநேகமாகப் புற்றுநோய் தரும்" என்ற பட்டியலில் வைத்திருந்தது. அமெரிக்காவில் சுரங்கங்களில் டீசல் இயந்திரங்களோடு வேலை பார்த்த 12,000-க்கும் அதிகமான தொழிலாளர்களை ஆராய்ந்த முடிவு 2012 தொடக்கத்தில் வெளிவந்தது. புகையை அதிகம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் "அநேகமாக" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பீடி, சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் பட்டியலுக்கு டீசல் புகையும் வந்தது. ஒரு சிகரெட்டும் ஒரு லாரியும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆதாரம் அந்த அளவுக்கு உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

புற்றுநோயைவிட என்னைப் பயமுறுத்தியது இதயம்தான். புகை என்றால் இருமலும் இளைப்பும் வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர்கள் ஸ்வீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள், 2007-இல் வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து குணமான 20 ஆண்களை ஒரு அறையில் உட்காரவைத்து, காற்று கலந்து நீர்க்கவைத்த டீசல் புகையை ஒரு மணி நேரம் உள்ளே விட்டார்கள். நடுநடுவே சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே ஆட்கள், அதே வேலை, ஆனால் சுத்தமான காற்று. புகை இருந்த நாளில் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பது ஈசிஜியில் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்க உடம்பே சுரக்கிற பொருளும் சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது குறைந்திருந்தது. மிதித்தவர்களில் யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாங்களும் அப்படித்தானே தினமும் டிப்போவிலிருந்து வீட்டுக்குப் போனோம்!

அப்புறம் 2011-இல் அதே குழுவினர், ஆரோக்கியமான ஆட்களை வைத்து இன்னொன்று செய்தார்கள். புகை வரும் வழியில் துகளைப் பிடிக்கும் ஃபில்டரை மாட்டி, அதன் வழியாகப் புகையை உள்ளே அனுப்பினார்கள். ஃபில்டர் இல்லாதபோது ரத்தக் குழாய்களில் தெரிந்த கெடுதல் இல்லாமல் போனது. மெக்கானிக் என்ற முறையில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிடிக்க வேண்டியது துகளை. பிடிக்கிற சாமானும் கையில் இருக்கிறது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிதான் விற்க வேண்டும். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது டீசல் வண்டிகளில் இந்த ஃபில்டர் வந்துவிட்டது. தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி அது. ஒரு துளை முன்னால் அடைத்திருக்கும், பக்கத்துத் துளை பின்னால் அடைத்திருக்கும். புகை சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை வண்டி அவ்வப்போது சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை போய்விடும்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. ஃபில்டரைக் கழற்றி எறிந்து, சாஃப்ட்வேரையும் மாற்றித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. புதிது மாட்டினால் எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும், தம்பி, உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் விளக்கு எரிந்த உடனே பைபாஸில் ஒரு இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினால்தான் செலவு வைக்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் "எங்கிட்ட புகைச் சான்றிதழ் இருக்கே" என்பீர்கள். சான்றிதழுக்காகச் சோதிக்கும் கருவி புகை எவ்வளவு அடர்த்தி என்று வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். நுண்துகளை எண்ணுவதில்லை. என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் கறுப்பு குறையும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் கறுப்பு தெரியவில்லை என்பதால் துகள் இல்லை என்று ஆகாது. மூக்கில் கட்டும் துண்டும் இதைத் தடுக்காது. என்-95 மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருந்தால் தடுக்கும்.

கடைசியாக வேன் ஓட்டும் தம்பிகளிடம் ஒன்று. பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் ஏழெட்டு வேன் என்ஜின் ஓடியபடி நிற்கிறது. சைலன்சர் வாய் தரையை ஒட்டி இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு பெரியவர்களுடையதைவிட அதற்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் காற்று இழுக்கிறார்கள். வேனில் பெரும்பாலும் ஏர் பிரேக்கும் கிடையாது, காற்று ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தால் டீசல் கூடப் போகும் என்பது பழைய பேச்சு. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் அணைப்பதுதான் லாபம். செல்ஃப் எடுக்காத வண்டி, பேட்டரி இறங்கிய வண்டி இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். நாளை மூன்றரை மணிக்கு நம் பள்ளி வாசலில் நிற்பேன்.