திடமான பூமிக்குள் மாக்மா எப்படி உருவாகிறது?

(திரையில்: பாடநூல்களில் வழக்கமாக வரும் பூமியின் குறுக்குவெட்டுப் படம். மேலோட்டுக்கு அடியில் ஒரு சிவப்புக் கடல்.)

வணக்கம். மெல்லிய ஓடு, அதற்குக் கீழே கொதிக்கும் குழம்பு, ஓடு எங்காவது விரிசல் விட்டால் எரிமலை. நம்மில் பலர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். இந்தப் படம் தவறானது. மேலோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பரவியிருக்கும் கவசம் கிட்டத்தட்ட முழுவதும் திடப் பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தின் ஊடே செல்லாது. ஆனால் கவசத்தின் ஊடே அவை தடையின்றிப் பயணம் செய்கின்றன. அப்படியானால், உருகாத இந்தப் பாறை ஏன் சில இடங்களில் மட்டும் உருகுகிறது?

சூடு ஏறுவதால் என்று பதில் சொல்லத் தோன்றும். ஆனால் பெரும்பாலான மாக்மாவுக்கு, அதாவது பூமிக்குள் உருகிய பாறைக்கு, அந்தப் பதில் பொருந்தாது.

(திரையில்: மெதுவாக மேலெழும் பாறைத் திரள். பக்கத்தில் அழுத்தமானி இறங்குகிறது.)

நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பநிலை சுமார் 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அதே பாறை தரையில் இருந்தால் 1,100 டிகிரியைத் தாண்டியதுமே உருகத் தொடங்கிவிடும். ஆழத்தில் அதை உருகவிடாமல் பிடித்து வைத்திருப்பது மேலே உள்ள பாறையின் அழுத்தம். நடுக்கடல் மலைத்தொடர்களில் பூமியின் மேற்புறத்தை மூடியிருக்கும் பாறைத் தட்டுகளில் இரண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் விலகுகின்றன. அந்த இடைவெளியை நிரப்பக் கவசப் பாறை திடநிலையிலேயே மேலே நகர்கிறது. பாறை வெப்பத்தை எளிதில் இழக்காது. ஆகவே சூடு பெரிதாகக் குறைவதற்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. யாரும் சூடேற்றாமலேயே பாறை உருகத் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் தண்ணீர். ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும்போது, தன் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீரையும் கீழே கொண்டு செல்கிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள கவசத்துக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறையின் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி குறைகிறது. ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டீஸ் மலைத்தொடர் ஆகிய இடங்களின் எரிமலை வரிசைகளுக்கு மூலம் இதுதான். மூன்றாவதாக, மேலேறும் சூடான மாக்மா மேலோட்டின் அடிப்பகுதியில் தேங்கி, அங்குள்ள பாறையையும் உருக்கிவிடும்.

இனிதான் முக்கியமான இடம். பாறை உருகும்போது முழுவதும் உருகுவதில்லை. பாறை என்பது பல கனிமங்களின் கூட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில் உருகும். நடுக்கடல் மலைத்தொடர்களுக்கு அடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உருகுவதே இயல்பு. முதலில் உருகி வரும் திரவத்தில், மூலப் பாறையைவிடச் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) கூடுதலாக இருக்கும். கவசத்தின் பெரிடோடைட் பாறையில் சுமார் 45 விழுக்காடு சிலிக்கா; அதிலிருந்து பிறக்கும் பசால்ட் மாக்மாவில் சுமார் 50 விழுக்காடு. இந்தச் சிறு வேறுபாடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பாறை பகுதி பகுதியாக உருகுகிறது, மாக்மா பகுதி பகுதியாகவே உறைகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று பிரிந்து விலகுகிறது.

மாக்மா குளிரும்போது கனிமங்கள் உறையும் வரிசையை ஆய்வகத்தில் கண்டறிந்தவர் கனடாவில் பிறந்த நார்மன் போவன். வாஷிங்டனில் இருந்த புவி இயற்பியல் ஆய்வகத்தில் அவர் கனிமக் கலவைகளை உருக்கி, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்திருந்து, பிறகு சட்டென்று குளிர்வித்தார். அந்தக் கணத்தில் எது படிகமாகியிருந்தது, எது திரவமாக மிஞ்சியிருந்தது என்பது அப்படியே உறைந்து நின்றது. 1922இல் அவர் வெளியிட்ட வரிசை இன்றும் வகுப்பறைகளில் இருக்கிறது: முதலில் ஆலிவின், பிறகு பைராக்சீன், ஆம்பிபோல், பயோடைட். இணையாக, கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸில் தொடங்கிச் சோடியம் மிகுந்ததை நோக்கி இன்னொரு வரிசை. கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், மஸ்கோவைட், குவார்ட்ஸ். எல்லா மாக்மாவும் இந்த வரிசையை முழுமையாகக் கடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆலிவினில் சிலிக்கா குறைவு, மக்னீசியம் அதிகம். அது படிகமாகிக் கீழே படிந்துவிட்டால், மிஞ்சிய திரவத்தில் மக்னீசியம் குறையும், சிலிக்கா கூடும். தொடங்கிய மாக்மா வேறு, மிஞ்சிய மாக்மா வேறு.

(திரையில்: ஹவாயின் கிலவெயா இக்கி பள்ளம். நடுவில் கரிய, தட்டையான தரை.)

இதை மனிதர்கள் நேரில் தொட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு. 1959இல் கிலவெயா இக்கி வெடித்தபோது, பள்ளத்தில் நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு லாவா தேங்கியது. மேலே ஓடு பிடித்ததும், 1960 முதல் 1988 வரை ஆய்வாளர்கள் அந்த ஓட்டின்மேல் நின்று பலமுறை துளையிட்டு மாதிரிகளை எடுத்தார்கள். அடியில் ஆலிவின் படிகங்கள் செறிந்து கிடந்தன. மேல்பகுதியில், பின்னால் மிஞ்சிய திரவம் நரம்புகள்போல ஊடுருவி உறைந்திருந்தது. போவனின் உலைக்குள் நடந்தது ஓர் ஏரி அளவில் நடந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை புவியியலின் மிக அழகான ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

மாக்மா மாற வேறு வழிகளும் உண்டு. சுற்றியுள்ள பாறையைக் கரைத்துக்கொள்ளும்; இன்னொரு மாக்மாவோடு கலக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடிப்பதற்குமுன், சிலிக்கா மிகுந்த பழைய மாக்மாவுக்குள் புதிய பசால்ட் மாக்மா புகுந்திருந்தது. இந்த வரலாறெல்லாம் படிகங்களில் பதிவாகிறது.

(திரையில்: நுண்ணோக்கிக் காட்சி. சாம்பல் நிறப் படிகம் மெல்லச் சுழல்கிறது.)

பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி அதன் ஊடே வரும். இது ஒரு பிளாஜியோகிளேஸ். தளவிளைவு ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) திருப்பும்போது படிகம் ஒரே நேரத்தில் இருளவில்லை, பாருங்கள். பட்டை பட்டையாக இருள்கிறது. நடுவில் கால்சியம் அதிகம், விளிம்பில் சோடியம் அதிகம். இடையில் ஒரு பட்டை அரிக்கப்பட்டதுபோல் ஒழுங்கற்று நிற்கிறது. அங்கே படிகம் வளர்வது நின்று, கொஞ்சம் கரைந்து, மீண்டும் வளர்ந்திருக்கிறது. புதிய சூடான மாக்மா வந்து சேர்ந்தால் இப்படி நேரும்.

கடைசியாக, உறையும் வேகம். ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் பருமனில் படிகங்கள் வளரும்; சிலிக்கா மிகுந்திருந்தால் அது கிரானைட். தரைக்கு வந்து விரைவாகக் குளிர்ந்தால் மணிமணியான படிகங்களுக்கு நேரமில்லை. அது பசால்ட், அல்லது சிலிக்கா மிகுந்திருந்தால் ரையோலைட். பெரிய படிகங்கள் நுண்ணிய படிகங்களாலான பரப்பில் பதிந்திருந்தால், ஆழத்தில் மெதுவாகத் தொடங்கி மேலே வேகமாக முடிந்தது என்று பொருள். கிரானைட்டும் ரையோலைட்டும் வேதியியலில் உடன்பிறப்புகள். வளர்ந்த இடம் மட்டும் வேறு.

சிலிக்கா மிகுந்த மாக்மா கெட்டியானது. அதில் அணுக்கள் எளிதில் நகர முடியாது. அது சட்டென்று குளிர்ந்தால் படிகமே உருவாகாது. கையில் எடுத்தால் கறுப்புக் கண்ணாடிபோல மின்னும் அப்சிடியன் அப்படி வந்ததுதான். ஆனால் கண்ணாடி நிலை நிரந்தரமல்ல. சில அப்சிடியன் கற்களில் வெள்ளைப் புள்ளிகள் பூப்போலத் தெரியும். அவை உறைந்தபின் கல்லுக்குள் மெல்ல வளர்ந்த கிரிஸ்டோபலைட் படிகங்கள். மிகப் பழைய காலத்து அப்சிடியன் அரிதாகவே கிடைப்பதற்கு இந்தத் தாமதமான படிகமாக்கமும் ஒரு காரணம்.