கக்கும் பேனாவும் காய்ந்த மையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பீரோவின் அடித்தட்டிலோ தையல் மெஷின் டிராயரிலோ மைப்பேனா ஒன்று கிடக்காத வீடு குறைவு. எடுத்துத் திருகினால் மூடி வராது. வந்தாலும் எழுதாது. எழுதினால் கக்கும். இந்த மூன்று நோய்க்கும் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம். பேப்பர் பென்சில் தேடி ஓட வேண்டாம், காதில் வாங்கிக்கொண்டால் போதும்.

முதல் வேலை, குறட்டை எடுத்து எட்டாத இடத்தில் வைப்பது. குறடு கடித்த பேனா விரிசல் விடும். விரிசல் விட்டதைச் சரிசெய்வது இன்று பேசப்போகும் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். இரண்டாவது வேலை, பேனா எதனால் செய்தது என்று பார்ப்பது. கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். கந்தகமும் ரப்பரும் கலந்த வாசனை வந்தால் எபோனைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக்.

எபோனைட் என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் பால்வெட்டி எடுக்கிறார்களே, அந்த ரப்பர்தான். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் டயர் மாதிரி வளையும். முப்பது பங்குக்கு மேல் சேர்த்து மணிக்கணக்கில் சூடாக்கினால் லேத்தில் கடையும் அளவுக்குக் கட்டையாகிவிடும். ராஜமுந்திரியிலும் சென்னையிலும் கையால் கடைந்த பேனாக்கள் அந்தக் கட்டையில் பிறந்தவை.

அந்தக் கந்தகம்தான் பின்னால் தொல்லையும் தருகிறது. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து பட்டால் கறுப்புப் பேனா பாசிப் பழுப்பாக மாறும். மேற்பரப்பில் லேசான அமிலமும் ஊறி, பக்கத்தில் இருக்கும் இரும்புக் கிளிப்பைத் தின்னும். நமக்கோ ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் மழை, கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. ஆகவே, அழுத்திச் சொல்கிறேன், எபோனைட் பேனாவை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். சுடுதண்ணீர் அதைவிட மோசம். சில நிமிடங்களிலேயே நிறம் போய்விடும்.

பிறகு காய்ந்த மையை எப்படிக் கரைப்பது? சின்னத் தம்ளரில் பச்சைத் தண்ணீர், நிப்பு மட்டும் முங்கும் அளவுக்கு. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். நீலம் வருவது நிற்கும் வரைக்கும் இதே வேலைதான். அதற்கும் மசியாத மை என்றால், பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டுத் துப்புரவு அமோனியா, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பத்து நிமிடம் வைத்து நன்றாக அலசிவிடுங்கள். பித்தளை, அலுமினியப் பாகங்களில் அமோனியா படக்கூடாது. ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு அதில் இளகி வீணாகும்.

திறக்காத மூடிக்கும், நிப்பைத் தாங்கும் கழுத்துக்கும் காரணம் பெரும்பாலும் மரையில் காய்ந்த மைதான். மை கரைந்த பிறகும் அசையாவிட்டால் தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பேனாவைச் சுற்றிக்கொண்டே சூடு காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் கூடாது. செல்லுலாய்டு பற்றினால் பொசுக்கென்று எரியும். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி இரண்டு கைக்கும் பிடிமானம் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு, மறுபடி முயற்சி. மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும்.

இப்போது கக்கும் பேனாவுக்கு வருவோம். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் பேனா மேல் ஆகாத பழி விழுவது இங்கேதான். ஃபில்லரால் நேராக உடம்பில் மை ஊற்றும் பேனாவைப் பாருங்கள். காலையில் நிறைய மை இருக்கும்போது ஒழுங்காக எழுதும். மை குறையக் குறைய, எழுதிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஒரு சொட்டு விடும். பரீட்சைத் தாளில் அந்த நீலப் பொட்டைப் பார்க்காத கை உண்டா? நிப்பு கெட்டுவிட்டது என்று உடனே நிப்பை மாற்றுவார்கள். நிப்பில் ஒரு குற்றமும் இல்லை. மை இறங்கிய இடத்தில் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிகிறது. விரிகிற காற்று மையைத் தள்ளுகிறது. காற்று கூடினால் தள்ளலும் கூடும். அவ்வளவுதான் விஷயம். அதனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாமல் மை ஊற்றிக்கொள்ளுங்கள். தடித்த எபோனைட் உடம்பு கைச்சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும்; மெல்லிய பிளாஸ்டிக் பேனா சீக்கிரம் கக்குவதற்கு அதுவே காரணம்.

மரை வழியாகக் கசிவது வேறு நோய். விரலில் மை ஒட்டினால் அது மரைக் கசிவு. தாளில் சொட்டினால் காற்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மரைக்கு மருந்து சிலிக்கான் கிரீஸ், கடுகளவு. மரையைச் சுற்றி மெல்லிய படலமாகத் தடவி மூடினால் போதும். வாஸலின் தடவுகிறவர்கள் உண்டு. அது பெட்ரோலியம், ரப்பரை இளக்கிவிடும். ஃபெவிகுவிக் போட்டு மரையை ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பேனாவைச் சரிசெய்யவில்லை, சவப்பெட்டியில் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். பேனா வேலையில் எதை ஒட்டினாலும் அடுத்த ஆள் கழற்றும்படி ஒட்ட வேண்டும்.

அதற்குத்தான் அவலரக்கு. தச்சர்கள் பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைப்பார்களே, அதேதான். பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் வைத்த பேனா உங்களிடம் இருந்தால் — அமெரிக்காவில் ஷீஃபர் என்பவர் 1908-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது — உள்ளே ஒரு ரப்பர்ப் பை இருக்கும். பல வருடம் கிடந்த பேனா என்றால் அந்தப் பை இறுகி, அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். நெம்புகோலை வலுக்கட்டாயமாகத் தூக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்துத் தகடு வளைந்துவிடும். இந்த வகையில் கழுத்து பெரும்பாலும் மரை இல்லாமல் செருகியதாக இருக்கும். சூடு காட்டி, லேசாகத் திருகிக்கொண்டே வெளியே இழுங்கள். நொறுங்கிய பையைச் சுரண்டித் துப்புரவாக எடுங்கள். புதுப் பையின் நம்பர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கு; 16-ஆம் நம்பர் என்றால் கால் அங்குலக் குறுக்களவு. உடம்பின் அடியைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, கழுத்துக்காம்பில் அவலரக்கு தடவி மாட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். வாசனையில்லாத டால்க் பவுடரைப் பையின்மேல் பூசிவிட்டுச் செருகுங்கள். செருகும்போது பை முறுக்கிக்கொண்டால் மை பாதிதான் ஏறும்.

பார்க்கர் 51 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948-க்குப் பிறகு வந்த, உள்ளே உலோக உறை போட்ட வகை என்றால், அதன் பை ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். பெரும்பாலும் இன்றும் உழைக்கும். தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விட்டாலே போதும். கழற்றியே தீர வேண்டும் என்று கை அரித்தால் வேறு பேனாவில் அரிப்பைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நிப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம் என்று வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கியாம். சரி, வேகமாக. நிப்பு கீறினால் சிமெண்ட் தரையில் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். நுனியில் இருக்கும் கடின உலோகப் பொட்டு தேய்ந்தால் நிப்பு போச்சு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் நுனியைப் பாருங்கள். இரண்டு பல்லும் ஏறுமாறாக நிற்கும். ஏறி நிற்கும் பல்லை நகத்தால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சமமாக்குங்கள். பிளவில் அழுக்கு இருந்தால் சவர பிளேடு விடாதீர்கள், பிளவைச் சுரண்டிவிடும். மெல்லிய பித்தளைத் தகடு போதும். படம் வரையும் கறுப்பு இந்தியன் இங்க் எந்தப் பேனாவிலும் ஊற்றாதீர்கள், அதிலும் அரக்குதான் இருக்கிறது, நிப்புக்கு அடியில் மை வரும் நாக்கில் காய்ந்தால்... நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.