செயின்ட் ஹெலினா: கப்பலை நம்பிய தீவு

அவையோர்க்கு வணக்கம்.

செயின்ட் ஹெலினா என்றதும் எல்லோருக்கும் நெப்போலியன் ஞாபகம்தான். 1815-இல் அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள், 1821-இல் அங்கேயே இறந்தார். அவரைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தத் தீவில் இன்றைக்கு வாழும் சுமார் 4,400 பேருக்கு எங்கிருந்து சோறு வருகிறது, அவர்களை யார் ஆள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இடம். தென் அட்லாண்டிக் நடுவில் ஓர் எரிமலையின் உச்சி கடலுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, அதுதான் தீவு. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கக் கரை கிழக்கே ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். மிக அருகில் இருக்கும் அசென்ஷன் தீவுக்கே 1,300 கிலோமீட்டர் போக வேண்டும். கரையெங்கும் செங்குத்தான பாறை, வறண்ட மண். மேலே ஏற ஏறப் பசுமை. 800 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த டயானா சிகரத்தில் பெரும்பாலான நாள் மேகம் படிந்திருக்கும். அங்குள்ள மரப்பெரணிகளின் இலையில் அந்த மேகம் நீராகத் திரண்டு மண்ணில் இறங்குகிறது. ஊரின் குடிநீரில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள்: ஆண்டு முழுக்க அங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கும். இந்தக் காற்று கடைசிவரை நம்மோடு வரும்.

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1659-இல் இந்தத் தீவில் குடியேற்றம் செய்தது. ஏன் இங்கே? ஆசியாவிலிருந்து திரும்பும் பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் இந்தத் தென்கிழக்குக் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளும். அந்தப் பாதையில் தீவு நேராக எதிர்ப்படும். மாதக்கணக்கில் உப்புக் கறியும் காய்ந்த ரொட்டியும் தின்று ஈறு வீங்கிக் கிடக்கும் மாலுமிக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் வேண்டும். தீவு அதை விற்றது. ஆசியாவுக்குப் போகும் கப்பல்களோ வேறு காற்றைத் தேடித் தென்னமெரிக்கப் பக்கமாக வளைந்து போய்விடும். ஆகவே தீவின் வருமானம் முழுக்க வீடு திரும்பும் கப்பல்களிடம்தான்.

1834-இல் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் முடியாட்சி தீவை எடுத்துக்கொண்டது. 1855-இல் 1,100 கப்பல்கள் அங்கே நின்று போயின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவும் தேவையில்லாமல் போயிற்று. 1889-இல் வந்தவை 288. தீவில் எதுவும் கெட்டுப்போகவில்லை. வழி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்துப் பிடித்துக்கொண்டது நார். நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற செடி. வாள் போல நீண்ட இலை. 1907-இல் அரசே ஆலை தொடங்கியது. இலையை அறுத்துக் கழுதை மேல் ஏற்றி ஆலைக்கு அனுப்புவார்கள். எந்திரம் பச்சைச் சதையை உரித்துத் தள்ளும். மிஞ்சும் நாரை அலசி, வெயிலில் காயவைத்து, பொதி கட்டிக் கப்பலேற்றுவார்கள். கயிறும் தபால் மூட்டைகளும் அந்த நாரில் ஆயின. பிரிட்டிஷ் தபால் துறை பெரிய வாடிக்கையாளர். 1960-களின் நடுவில் அத்துறை செயற்கை இழைக்கு மாறியது. 1966-இல் ஆலைகள் மூடப்பட்டன. ஒரே பொருள், கிட்டத்தட்ட ஒரே வாங்குபவர்: அப்படிப்பட்ட தொழில் சாய எவ்வளவு நேரமாகும்? செடி மட்டும் போகவில்லை. மேகக்காட்டை வெட்டி நட்ட ஃபிளாக்ஸ் இன்றும் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய மரங்களை நடுவது, குடிநீரை முன்னிட்டும் நடக்கிற வேலை.

இனி விமான நிலையம். 2018 வரை தீவுக்கு முறையாக வந்துபோன பயணிகள் கப்பல் ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா. கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம், ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு நடை. தலைநகர் ஜேம்ஸ்டவுனில் கப்பல் ஒட்டி நிற்கும் துறை கிடையாது; விரிகுடாவில் நங்கூரமிட்டு, ஆட்களையும் சரக்கையும் படகில் இறக்க வேண்டும். 1999-இல் கப்பல் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் பழுதாகி நின்றபோது, தீவு ஒற்றை நூலில் தொங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. பிரிட்டன் 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்ட முடிவு செய்தது. சமதளம் என்று இருந்தது கிழக்கே பிராஸ்பரஸ் பே சமவெளி ஒன்றுதான். அதுவும் ஓடுபாதைக்குப் போதவில்லை. ஒரு பள்ளத்தாக்கையே ஏறத்தாழ 80 லட்சம் கனமீட்டர் பாறை கொட்டி நிரப்பினார்கள்.

ஓடுபாதை ஏறத்தாழ வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதன் வடமுனைக்கு அப்பால் முந்நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்துச் சரிவு. கடற்காற்று அந்தப் பாறைச் சுவரில் மோதி மேலே எகிறும், சுழலும். வடக்கிலிருந்து இறங்கினால் எதிர்க்காற்று கிடைக்கும், விமானத்துக்கு நல்லது. ஆனால் கடைசிச் சில நொடிகளில் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும். விமானிகள் இதை விண்ட் ஷியர் என்பார்கள். தெற்கிலிருந்து இறங்கினால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் பின்காற்று. பின்காற்றில் இறங்கும் விமானம் நிற்க அதிக தூரம் ஓடும். எனவே எடையைக் குறைத்தாக வேண்டும்.

2016 ஏப்ரலில் சோதனைக்கு வந்த போயிங் 737 இறங்கும்போது ஆட்டம் கண்டது. மே மாதத் திறப்பு விழா நின்றது. லண்டன் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, இதை முன்கூட்டியே பார்க்காமல் விட்டது எப்படி என்று கேட்டது. நியாயமான கேள்வி. 1836-இல் இந்தத் தீவுக்கு வந்த டார்வின், சமவெளி முடிந்து ஆயிரம் அடிப் பாறை தொடங்கும் விளிம்பில் நின்றார். அவர் நின்ற இடத்தில் இலைகூட அசையவில்லை. சில கஜம் தள்ளிக் கடற்பறவைகள் பலத்த காற்றில் தத்தளித்தன. விளிம்புக்குப் போய்க் கையை நீட்டியதும் காற்று முழு வேகத்தில் அடித்தது. அதை எழுதியும் வைத்தார்.

தீர்வு சிறிய விமானம். 2017 அக்டோபர் 14 அன்று ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்பிரேயர் 190 ஜொகானஸ்பர்க்கிலிருந்து வந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. நூறு பேர் அளவுக்குக் கொள்ளும் விமானத்தில் 76 பேருக்குத்தான் அனுமதி. இறங்க முடியாவிட்டால் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே திரும்ப எரிபொருள் வேண்டுமே. அதனால் வழியில் நமீபியாவில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இருக்கை குறைவென்றால் கட்டணம் ஏறும், சுற்றுலாக் கணக்கு சுருங்கும். சரக்கு இன்னமும் கேப்டவுனிலிருந்து கப்பலில்தான் வருகிறது. இப்போது ரூபர்ட்ஸ் விரிகுடாவில் ஒட்டி நிற்கத் துறை இருப்பது ஒரு முன்னேற்றம்.

ஆட்சிக்கு வருவோம். செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் ட குன்யா ஆகிய தீவுகள் மூன்றும் சேர்ந்து ஒரு பிரிட்டிஷ் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. ஆளுநரை மன்னர் நியமிக்கிறார், லண்டன் சொல்படி. தீவு முழுதும் ஒரே தொகுதி, தேர்ந்தெடுக்கப்படுவோர் 12 பேர். கட்சிச் சின்னம் பார்த்து வாக்களிக்கிற வழக்கம் இல்லை. 2021-இல், உறுப்பினர்கள் குழுக்களாகப் பிரிந்து நிர்வாகத்தைப் பார்த்த பழைய முறை போய், உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, காவல் ஆகியவை ஆளுநர் கையில்.

பணம்? தீவுக்குச் சொந்தப் பவுண்டு உண்டு. பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிநிகர். ஆனால் அந்த நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். கிளம்பும்முன் மாற்றிவிட வேண்டும். அரசின் வரவுசெலவில் பெரிய துண்டு லண்டன் மானியம், ஆண்டுக்கு 3 கோடி பவுண்டு அளவில். ஏற்றுமதி கொஞ்சம்: தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை மீன், 1733-இல் ஏமனின் மோக்காவிலிருந்து வந்த விதை வழி வளரும் காபி. காபிக்கு நல்ல விலை, அளவோ மிகக் குறைவு. 2023-இல் கடலடிக் கண்ணாடி இழை கேபிளில் இணையம் வந்ததால், அதுவரை ஒற்றைச் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தவர்களுக்குக் கப்பலேற்றத் தேவையில்லாத வேலை ஒன்று முதன்முறையாகக் கைக்கு எட்டியிருக்கிறது.

ஆனால் செய்ய ஆள் வேண்டும். 1981 குடியுரிமைச் சட்டம் இவர்களுக்குப் பிரிட்டனில் போய் வாழும் உரிமையைப் பறித்தது. 2002-இல்தான் முழுக் குடியுரிமை திரும்பியது. திரும்பியதும் இளைஞர்கள் பிரிட்டனுக்குக் கிளம்பினார்கள். அசென்ஷன், ஃபாக்லாந்து தீவுகளின் ராணுவத் தளங்களுக்கு வேலைக்குப் போவது அதற்கு முன்பே இருந்த பழக்கம். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் எழுகின்றன. அதே வேளையில் மருத்துவர், ஆசிரியர் பணிகளுக்குத் தீவு அரசு வெளியிலிருந்து ஆள் அமர்த்தி, உள்ளூர்க்காரரைவிட அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பள வித்தியாசம்தான் ஜேம்ஸ்டவுனில் இன்றைக்கும் அடங்காத அரசியல் சண்டை.