கோழி கூட்டுக்குள் போக மறுத்தால்

அன்பான நேயர்களுக்கு என் வணக்கம்.

பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே கூட்டைத் தேடி வரும். கதவைச் சாத்துவது மட்டும்தான் நம் வேலை. அப்படி வந்துகொண்டிருந்த கோழி ஒருநாள் வாசலிலேயே தயங்கி நிற்கிறது. விரட்டினால் கொய்யா மரத்தில் ஏறிக்கொள்கிறது. மழையில் நனைந்தாலும் உள்ளே போக மறுக்கிறது. அந்தக் கோழியைத் திட்டாதீர்கள். மரநாயோ பாம்போ வந்துபோன தடயம் இல்லையென்றால், நான் முதலில் சந்தேகப்படுவது சிவப்புச் செள்ளைத்தான். கால்நடை வைத்தியர்கள் ரெட் மைட் என்பது இதைத்தான்.

இன்று எனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் இந்தச் செள்ளுக்கே கொடுக்கப் போகிறேன். லயத்துக்குப் பின்னால் எட்டுப் பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பிள்ளையின் காலை முட்டை, கடைக் கணக்கில் கழிகிற முட்டை, அவசரத்துக்கு விற்கிற சேவல். அந்தக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து போகும்போது, அம்மாமார் கையிலிருக்கும் காசையெல்லாம் மருந்துக்குக் கொட்டுகிறார்கள். ஆனால் அந்த மருந்தெல்லாம் கோழிக்குத்தான் போகிறது. செள்ளு இருப்பதோ கூட்டில்.

இது பேனைப்போல நாள் முழுக்கக் கோழியின் உடம்பில் குடியிருப்பதில்லை. பகல் முழுவதும் பலகை இடுக்கிலும், கம்பு சுவரைத் தொடும் இடத்திலும், ஆணி அடித்த ஓட்டையிலும், முட்டைப் பெட்டியின் மூலையிலும் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து, தூங்கும் கோழியின் மேல் ஏறி, ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு நிறைய இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பவும் இடுக்குக்குப் போய்விடும். நீங்கள் பகலில் கோழியைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

ஆள் எவ்வளவு பெரியது என்றால், ஒரு மில்லிமீற்றர்கூட வராது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. எட்டுக் கால். சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்தது. கரப்பானுக்கும் நுளம்புக்கும் வாங்கிய மருந்து இதற்கும் கேட்கும் என்று நினைத்துவிட முடியாது. சூடான காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளு ஆவதற்கு 7 நாள் போதும். குளிரில் இன்னும் நாள் எடுக்கும். கவனிக்காமல் விட்ட பெரிய பண்ணைகளில் ஒரு கோழிக்கு 50,000 வரை கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பிடித்த சூழல் என்ன தெரியுமா? 20 முதல் 25 பாகை வரையான வெப்பமும், நல்ல ஈரப்பதனும். அட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பகல் பொழுது அப்படித்தானே இருக்கிறது? நுவரெலியா இன்னும் குளிர்ந்த ஊர், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே இதன் பெருக்கம் மெதுவாக நடக்கும், ஆனால் ஆயுள் கூடிவிடும். குளிர்ந்த, ஈரமான இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் 8 மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். எல்லாக் கோழியும் செத்துப்போனது, கூட்டைச் சும்மா போட்டுவிட்டோம், அரை வருடம் கழித்துப் புதுக் குஞ்சு விட்டோம், அதுவும் சோர்ந்துவிட்டது, இந்த இடமே ராசியில்லை என்று சொல்பவர்களை நான் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். இடத்தில் ஒரு குறையும் இல்லை. பழைய பலகைக்குள் அது காத்துக்கொண்டிருந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கோழிகளைக் காட்டினார். "கொண்டையெல்லாம் வெளுத்துப்போச்சிங்க ஐயா. பூச்சி மருந்து குடுத்தேன், மஞ்சத்தண்ணி குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. அடைக்கு வச்ச கோழிகூட முட்டைய விட்டுட்டு எந்திரிச்சிப் போயிருது" என்றார். கூடு நல்ல கூடுதான். குளிருக்காகச் சுவரைச் சுற்றி உள்பக்கம் சாக்கை மடித்து ஆணி அடித்திருந்தார். கோழி அடையும் சவுக்குக் கம்பை அதன் பள்ளத்திலிருந்து மெல்லத் தூக்கினேன். கம்பின் நுனியில் அடுப்புச் சாம்பலைத் தூவியதுபோல ஒரு படலம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சாம்பல் நகர்ந்தது. ஒரு வெள்ளைத் தாளை அதில் அழுத்தி எடுத்து, விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். தாளில் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு அவருடைய கோழிகளின் இரத்தம். சாக்கின் மடிப்பைப் பிரித்தபோது அந்த அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

சாக்கு அடிப்பது நம் பக்கத்துப் பழக்கம். பனிக்காலத்தில் கோழிக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றுதான் செய்கிறோம், அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாக்கின் ஒவ்வொரு இழையும் செள்ளுக்கு ஒரு காம்பரா. குளிரை மறைக்க வேண்டுமானால் தடித்த பொலித்தீனையோ தார்ப்பாயையோ வெளிப்பக்கமாகக் கட்டுங்கள், மேலே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டு. அதைக் கழற்றலாம், கழுவலாம்.

உங்கள் கூட்டில் இருக்கிறதா என்று இன்றிரவே பார்த்துவிடலாம். இருட்டி இரண்டு மணித்தியாலம் கழித்து டோர்ச் எடுத்துக்கொண்டு போய்க் கம்பின் அடிப்பக்கத்தையும் கோழியின் காலையும் பாருங்கள். இரவில் போக முடியாதவர்கள், பெட்டி மட்டையில் உள்ளே நெளிநெளியாக இருக்குமே, அதில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டிக் கம்பின் அடியில் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்து வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், இருந்தால் விழும். அந்த மட்டையை உடனே அடுப்பில் போட்டுவிடுங்கள். முட்டை ஓட்டில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் தெரிந்தாலும் சந்தேகப்படலாம். கோழி அடியில் நசுங்கிய செள்ளின் அடையாளம் அது.

இங்கே ஒரு விஷயம். பகலிலேயே கோழியின் மலவாயைச் சுற்றி இறகில் கறுப்பாக, அழுக்குப் படிந்ததுபோல ஊர்ந்துகொண்டிருந்தால் அது வேறு வகைச் செள்ளு. அது கோழியின் மேலேயே வாழும், அடைக்கோழியின் கூட்டிலும் பெருகும். அதற்குக் கோழிக்கே மருந்து போட வேண்டும். கொண்டை வெளுப்பதற்குக் குடற்புழுவும் காரணமாகலாம், வேறு நோயும் காரணமாகலாம். அதனால் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் நாலைந்து செள்ளை ஒட்டும் டேப்பில் பிடித்து, அந்த டேப்பைத் தாளில் ஒட்டி, உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இருப்பது உறுதியாகிவிட்டது. என்ன செய்வது?

வெயில் அடிக்கும் காலை நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அது லேசாகக் கிடைக்கும், ஊவாப் பக்கம் ஜூன், ஜூலையில். அதற்காக அந்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், மழைக்கு நடுவே கிடைக்கும் ஒரு நல்ல பகலும் போதும். கோழிகளைக் காலையிலேயே வெளியே விட்டுவிடுங்கள். எதிரி முழுவதும் அந்த நேரம் கூட்டுக்குள்தான் இருக்கும். கம்பு, முட்டைப் பெட்டி, கழற்ற முடிந்த பலகை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தரையிலிருக்கும் மரத்தூளையும் உமியையும் அள்ளிப் பையில் கட்டி, கூட்டுக்கும் லயத்துக்கும் தள்ளிக் கொண்டுபோய்ப் பாதுகாப்பான இடத்தில் எரித்துவிடுங்கள். இடுக்குகளை ஒரு பழைய கத்தியால் சுரண்டுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். 45 பாகைக்கு மேல் செள்ளு தாங்காது. ஆனால் பானையிலிருந்து இறக்கிய தண்ணீர் குளிர்ந்த பலகையில் பட்டதும் ஆறிவிடும். அதனால் தெளிப்பது வேலைக்காகாது, ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்ற வேண்டும். கூடவே சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து, பிரஷால் இடுக்குக்குள் போகும்படி அடியுங்கள். மலிவான முறை, முட்டைக்கும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள், கெட்டியாக. அது வெடிப்புகளை அடைத்துவிடும், அடுத்த தடவை செள்ளு வந்தால் வெள்ளைச் சுவரில் பளிச்சென்று தெரியும்.

இவ்வளவும் செய்துவிட்டு முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தோற்கிறோம். இடுக்கின் ஆழத்திலிருக்கும் முட்டைகள் தப்பிவிடும். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கொதிநீரும் சவர்க்காரத் தண்ணீரும். இன்னொரு வாரம் கழித்து மூன்றாவது தடவை. நம் குளிரில் முட்டை பொரிக்கவும் வளரவும் நாள் கூடுதலாக எடுப்பதால், இரண்டு தடவையோடு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. மட்டைத் துண்டைத் திரும்பக் கட்டிப் பார்த்து, ஒன்றும் விழாத வரை தொடருங்கள்.

சிலர் தீப்பந்தம் கொளுத்திப் பலகையைச் சுடுகிறார்கள். செள்ளு சாகும், உண்மை. ஆனால் லயத்தில் ஒரு கூரைக்கு அடியில் எத்தனை குடும்பம்? லயன் தீ எப்படிப் பரவும் என்று நம் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தயவுசெய்து நெருப்பைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

கூட்டின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்தால் வேலை பாதியாகக் குறையும். கோழி அடையும் கம்பு சுவரைத் தொடக்கூடாது. தரையில் நிற்கும் இரண்டு கால்களின் மேல் கம்பை வைத்து, எறும்பு ஏறாமல் சாப்பாட்டு மேசையின் காலைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைப்போமே, அதுபோல ஒவ்வொரு காலையும் சமையல் எண்ணெய் ஊற்றிய தகரப் பேணியில் நிறுத்துங்கள். இரவில் செள்ளு கோழிக்கு ஏறுவதற்கு வேறு வழி இல்லாமல் போகும். குஞ்சுகள் எண்ணெயில் விழாதபடி பேணி ஒடுக்கமாக இருக்கட்டும். பட்டை உரித்து வழவழப்பாக்கிய கம்பு நல்லது, பட்டைக்கு அடியில் ஒளிய இடம் இருக்காது.

அடுப்புச் சாம்பல் கோழிக்கு நல்ல மருந்துதான். ஒரு பழைய பெட்டியில் உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்து மழை படாத இடத்தில் வைத்தால், கோழி தானே புரண்டு குளிக்கும். ஆனால் பனியும் தூறலும் இருக்கும் நாட்களில் சாம்பல் ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும், பிறகு பயனில்லை. அடிக்கடி மாற்றுங்கள். வேப்பெண்ணெய் கிடைத்தால் கம்பின் நுனிகளில் பூசுங்கள், உதவும். பழைய என்ஜின் ஒயில் வேண்டவே வேண்டாம். முட்டைப் பெட்டியில் பூச்சி உருண்டை போடுவதும் வேண்டாம், அது நஞ்சு, வாடை முட்டைக்குள் இறங்கிவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் மன வருத்தம் தரும் விஷயம். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போடும் வீடுகளில் மருந்துப் போத்தல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. மரக்கறிக்கு அடித்து மிஞ்சியதை அப்படியே கோழிக் கூட்டிலும், சில வீடுகளில் கோழியின் மேலேயும் அடிக்கிறார்கள். கோழி சாகாவிட்டாலும் அந்த நஞ்சு முட்டைக்குப் போகும். அந்த முட்டையை யார் சாப்பிடுகிறார்கள்? நம் பிள்ளை.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2017இல் ஐரோப்பாவில், முக்கியமாக நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும், மில்லியன் கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து அழித்தார்கள். காரணம் இதே சிவப்புச் செள்ளுதான். பண்ணைகளில் செள்ளை ஒழிக்க அடித்த ஒரு தயாரிப்பில் ஃபிப்ரோனில் என்ற மருந்து களவாகக் கலந்திருந்தது. உணவுக்கான கோழிகளில் அதைப் பயன்படுத்த அங்கே தடை. யூக்கலிப்டஸ் சேர்ந்த இயற்கைப் பொருள் என்று நம்பித்தான் பல பண்ணைக்காரர்கள் அதை அடிக்கவிட்டார்கள். அத்தனை சட்டமும் பரிசோதனைக் கூடமும் உள்ள நாடுகளில் அப்படி நடந்தது. நம் வீட்டு முட்டையை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. அதைப் பாதுகாக்க நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

அதே 2017இல் ஐரோப்பாவில் ஒரு நல்ல மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. ஃப்ளூரலனர் என்று பெயர். குடிதண்ணீரில் கலந்து 7 நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுப்பது. கோழியின் இரத்தத்தைக் குடிக்கும் செள்ளு செத்துவிடும். அளவு கோழியின் நிறையைப் பொறுத்தது. நாய்க்கு உண்ணி மாத்திரையாகவும் இதே மருந்து வருவதால், அதை உடைத்துக் கோழித் தண்ணீரில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டே செய்யுங்கள்.

கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால், அல்லது இஸ்தோப்பிலேயே கோழி அடைந்தால், செள்ளு மனிதரையும் கடிக்கும். கோழியை விற்ற பிறகோ வெட்டிய பிறகோதான் இது அதிகம். இரை தேடி உள்ளே வந்துவிடும். கையிலும் கழுத்திலும் சிவந்த தடிப்பு, இரவெல்லாம் அரிப்பு. சொறி என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டே இருப்பார்கள். சொறிக் கிருமியைப்போல இது நம் தோலுக்குள் குடியிருக்காது. கூட்டைச் சுத்தம் செய்தால் அரிப்பு நிற்கும். வைத்தியரிடம் போகும்போது வீட்டில் கோழி இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, புதிதாக வாங்குபவர்களுக்கு. சிட்டுக்குருவியும் புறாவும் இதைக் கொண்டுவரும், அதை முழுவதுமாகத் தடுக்க முடியாது, கூட்டின் கூரையில் குருவிக் கூடு இருந்தால் குஞ்சு பறந்த பிறகு எடுத்துவிடுங்கள். ஆனால் அதிகமாக வருவது நாம் வாங்கிவரும் கோழியோடும், இரவல் கூண்டோடும், பழைய முட்டைத் தட்டோடும்தான். லொறியில் கொண்டுவந்து விற்பவரிடம் கோழி வாங்கினால், உங்கள் கூண்டைக் கொண்டுபோங்கள், அவருடைய கூண்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். புதுக் கோழியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். அதன் கம்பிலும் ஒரு மட்டைத் துண்டைக் கட்டிப் பார்த்த பிறகே மற்றக் கோழிகளோடு விடுங்கள்.

நன்றி, வணக்கம்.