நிற்கிற ஃபியட்டுக்குத்தான் செலவு அதிகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்டியரிங் கழுத்திலேயே கியர் கம்பி, முன்னால் ஒரே நீள சீட்டு. இப்படி ஒரு வண்டி உங்கள் தெருவிலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் ப்ரீமியர் பத்மினி என்று இருக்கும், வாயில் ஃபியட் என்றுதான் வரும். 1953-ல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100-இன் வம்சம். பம்பாய் குர்லாவில் 1964-லிருந்து செய்தார்கள், 1974-ல் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். 1089 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன் வாக்கில்.

வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, வண்டி எத்தனை மாதமாக நிற்கிறது என்பதை. ஓடுகிற ஃபியட்டுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால், மாதம் 300 கிலோமீட்டர் ஓட 25 லிட்டர் பெட்ரோல். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 ரக எஞ்சின் ஆயில். நிற்கிற வண்டியின் செலவு கணக்கில் அடங்காது.

பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் டிரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதே ஈரம், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் உள்சுவரில் துருப்பிடித்துக் குழி போடும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும். சிலிண்டரையே மாற்ற வேண்டும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓரிடத்தில் ஒழுகினால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. அந்த ஆயிலின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைதான்.

அடுத்து, இந்த வண்டியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மே மாதம், வேலூர்ப் பக்கம் நெடுஞ்சாலை. வண்டி நன்றாக ஓடி வந்தது. நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்கள். பத்து நிமிடத்தில் கிளம்பும். அந்தப் பம்பை மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஒரு கம்பெனியின் பெயர்.

ஓடும்போது வராத கோளாறு நின்றபின் ஏன் வருகிறது? எஞ்சினை அணைத்ததும் ஃபேன் நிற்கிறது, தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. இரும்பில் தேங்கிய சூடு அப்போதுதான் மேலே ஏறுகிறது. பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் அதற்குள்ளும் குழாயிலும் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த டயாஃப்ரம், அதாவது பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, ஆவியை வெறுமனே அமுக்கி அமுக்கி விடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. ஈரத்துணி உலரும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான்.

ஈரத்துணி வைத்தியம் அன்றைக்கு மட்டும்தான் உதவும். நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, பெட்ரோல் குழாயை சைலன்சர் குழாய்க்கு அருகில் போகவிடாமல் திருப்புவது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு தகடு போடுவது. பம்புக்கு அடியில் இருக்கும் சூடு தடுக்கும் பேக்கிங்கை விட்டுவிடாதீர்கள். சூடு குறையட்டும் என்று அதை இரண்டு பங்கு தடிமனாகப் போடுகிறவர்கள் உண்டு. தடித்தால் பம்பின் கை எட்டும் தூரம் குறையும், பெட்ரோலும் குறையும். சூட்டுக்குப் பயந்து பட்டினி போட்ட கதைதான். எலக்ட்ரிக் பம்ப் போடுவதானால் டேங்குக்குப் பக்கத்தில் போடுங்கள். இழுக்கும்போது ஆவியாகிற பெட்ரோல், தள்ளும்போது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது, போனால் ஊசி வால்வு தாங்காமல் கார்புரேட்டர் வழியும். எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்கும்படி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒன்று கட்டாயம்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் டயாஃப்ரத்தையும் குழாயையும் ஊறவைத்து இளக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையும் மெலிகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். 125 போட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடும். ஒரே ஒரு படிதான், அதற்கு மேல் போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சூடானால் நின்றுபோகும் எல்லா வண்டிக்கும் பம்ப்தான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சின்னக் கண்டென்சர் சூட்டில் செத்தாலும் இதே நோய்தான். பிளக்கை எஞ்சின் மேல் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பொறி நீலமாக, சொடுக்குப் போட்டதுபோல் வந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். மஞ்சளாக மங்கி வந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

சூடு பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இந்த வண்டியில் எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. எஞ்சின் பிளாக் இரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை தண்ணீர் வற்றி ஓட்டினால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் போகும், ஹெட்டும் வளையும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடும் மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள். ஹெட்டின் மேல் நேர்கம்பி வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள அளவுத் தகடு நுழைந்தால் லேத்தில் ஃபேசிங் போட்டு மட்டமாக்க வேண்டும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கெட்டிலில் படியும் வெள்ளைப் பொருக்கு உள்ளேயும் படியும். கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் முன்சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின். கிங்பின் போவது பெரும்பாலும் கிரீஸ் போடாததால்தான்.

நிற்கிற வண்டியைக் காக்க தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் உண்டு. அது கெடுதல். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஆயிலில் நீர் சேரும், பேட்டரியை ஏற்ற டைனமோ உள்ள பழைய வண்டியில், ஓடாமல் நின்றபடி எஞ்சின் இயங்கும்போது பேட்டரியும் ஏறாது. பத்து நாளுக்கு ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

நேரம் குறைவு என்று கை காட்டுகிறார்கள். காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 வயது தாண்டி, மூல உருவில் இருக்கும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு வின்டேஜ் பதிவு உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு இவற்றுக்குத்தான் சாலைக்குக் கொண்டுவரலாம், தினமும் ஆபீஸ் போக முடியாது. தினசரி ஓட்டுபவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே நல்லது. மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் அறிவித்த கட்டணப்படி இந்த எஞ்சினுக்கு 3,416 ரூபாய். வின்டேஜ் சான்றுள்ள வண்டிக்கு அதில் பாதி. சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டுக்கு, வண்டியின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

துருவைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று. வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்கு அடி, ஹெட்லைட்டுக்குப் பின்புறம், டிக்கித் தரை, இந்த மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் நழுவும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் டிங்கரிங் செலவைக் கழித்துவிட்டு விலையைப் பேசுங்கள். வணக்கம்.