தொட்டுப் பார்க்காத சீலை

(‘வியாபாரத்தின் எதிர்காலம் போனிலா, கடைத்தெருவிலா?’ என்ற தலைப்பில் மட்டக்களப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘போனில்தான்’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியாருக்கும், படுவான்கரையில் இருந்தும் எழுவான்கரையில் இருந்தும் வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வசனம் சொன்னார், மண்டபமே கைதட்டியது. “தொட்டுப் பார்க்காமல் சீலை வாங்குகிறவளும், முகம் பார்க்காமல் பெண் எடுக்கிறவனும் ஒன்று” என்றார். ஐயா, முகம் பார்க்காமல் கட்டி நாற்பது வருஷம் சந்தோஷமாக வாழ்ந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், அவர்களை நான் இதற்குள் இழுக்கவில்லை. சீலையைப் பற்றி மட்டும் பேசுவோம். தலைவரே, நீங்கள் மருதமுனைக்குப் போயிருக்கிறீர்களா?

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா ஒருவர், இருக்கிறார். கைத்தறிதான் பிழைப்பு. முந்தி ஒரு முதலாளி நூலைக் கொண்டுவந்து கொடுப்பார், நெய்து முடித்ததும் சீலையை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுப்பார். அது எந்த ஊர்க் கடைக்குப் போகிறது, யார் உடுத்துகிறார், ராத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மகள் ஒரு நாள் சீலையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாள். ஒருவரும் கேட்கவில்லை. படம் எல்லாரும்தானே போடுகிறார்கள்.

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு பிள்ளை மட்டும் குரல் செய்தி அனுப்பியிருந்தது. “ராத்தா, கழுவினா சாயம் போகுமா?”

ராத்தாவுக்கு டைப் பண்ணத் தெரியாது. என்ன செய்தார்? மகளிடம் போனைக் கொடுத்து, “புடி புள்ள” என்றார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். புதுச் சீலை ஐயா, மடிப்புக் கலையாத சீலை. அதை எடுத்து வாளிக்குள் முக்கினார். கசக்கினார். பிழிந்தார். பிழிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றி போனுக்கு முன்னால் பிடித்தார். கிளாசுக்குப் பின்னால் அவருடைய முகம் தெளிவாகத் தெரிகிறது. “பாருங்க தங்கச்சி, சாயம் போயிருக்கா?” அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் பிள்ளை லேசில் விடவில்லை. “சரி ராத்தா, கசங்குமா?”

ராத்தா இன்னொரு சீலையை எடுத்தார். உள்ளங்கைக்குள் சுருட்டினார், பிறகு அதைப் போட்டு அதற்கு மேலேயே உட்கார்ந்தார்! வீடியோ ஓடுகிறது. மகள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பேரன் குறுக்கே ஓடுகிறான். கோழி கூவுகிறது. ராத்தா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரே உதறு உதறி விரித்துக் காட்டினார். “இப்ப சொல்லுங்க.”

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொருமுறை சொல்கிறேன்: வாளிக்குள் முக்கினார், மேலே உட்கார்ந்தார், எழுந்து உதறினார்! தலைவரே, நீங்கள் சொல்கிற கடைத்தெருவில் எந்தக் கடையில் சீலையைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க விடுவார்கள்? எந்தக் கடையில் அதற்கு மேல் உட்கார விடுவார்கள்? தொட்டுப் பார்க்கலாம் என்கிறீர்கள். தொட்டால் சாயம் போவது தெரியுமா?

அந்த வீடியோ கைமாறிக் கைமாறி அக்கரைப்பற்றுக்குப் போனது, கொழும்புக்குப் போனது, கடல் கடந்தும் போனது. ராத்தாவின் சீலைக்கு இப்போது முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், நேரங்கெட்ட நேரத்தில் விளம்பர எஸ்.எம்.எஸ். வருகிறது என்று சலித்துக்கொண்டார். அது உண்மையிலேயே தொல்லைதான். ஆனால் அது பழைய காலத்து வேலை. முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் போனது, அதில் இருந்தது கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டும். ஒரு செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துக்கு இடம், தமிழ் என்றால் 70தான். ‘கி’ என்று எழுதினால் அதிலேயே இரண்டு இடம் போய்விடும். அந்த 70க்குள் ராத்தாவின் வாளி அடங்குமா? அதனால்தான் பெரிய கம்பனிகள் மட்டும் ஒரே வரியை ஊர் முழுக்க வீசிக்கொண்டிருந்தன.

அப்படி வீசுகிற காலம் போகப்போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்டுவிட்டு விளம்பரம் அனுப்பு என்கிறது. வட்ஸ்அப் பிஸ்னஸ் 2018இல் வந்தது. ராத்தாவின் போனில் அது இலவசமாக இருக்கிறது, பொருட்களை விலையோடு அடுக்கி வைக்கலாம். அதில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். இதைக் கவனியுங்கள் ஐயா. ‘மருதமுனை ராத்தா’ என்று பெயர் போட்டு ஒருத்தி சேமித்து வைத்தால்தான் அந்தப் பட்டியல் வழியாக ராத்தா அவளிடம் போகலாம். போன் வியாபாரம் இனிமேல் நடக்கப்போவது இப்படித்தான், குரலிலும் வீடியோவிலும், ஆளுக்கு ஆள் தெரிந்து.

2004 டிசம்பர் 26 இந்த மண்டபத்தில் யாருக்கு மறக்கும்? மருதமுனையில் கடல் ஏறிய அன்று ராத்தாவின் தறியும் போனது, நெய்து வைத்திருந்த சீலைகளும் போயின. எத்தனையோ ஊர்ப் பெண்கள் அவர் கைபட்ட சீலையை உடுத்திக்கொண்டு இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் ராத்தாவைத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அவர்களால் முடியவில்லை.

போன மாரியில் தண்ணீர் வந்தபோது ராத்தா சில நாள் படம் ஒன்றும் போடவில்லை. கனடாவில் இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஒரேயொரு சீலை வாங்கிய பெண் அது. “ராத்தா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா? புள்ளைகள் எங்க? தறி நனைஞ்சா யோசிக்காதீங்க, நான் இருக்கேன்.” அதை எனக்குப் போட்டுக் காட்டும்போது ராத்தாவால் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

இந்த மாவட்டத்தில் யுத்தத்துக்குப் பிறகு தனியாகப் பிள்ளை வளர்க்கிற எத்தனை அக்காமார் இருக்கிறார்கள்! பன்பாய் இழைக்கிறவர், தயிர் போடுகிறவர், பலகாரம் சுடுகிறவர். கடைத்தெருவில் கடை எடுக்க அவர்களிடம் முற்பணம் இல்லை. போன் இருக்கிறது. நடுவர் ஐயா, அவர்களை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். சபையோரே, வீட்டுக்குப் போகுமுன் அவர்களில் ஒருவருடைய நம்பரையாவது கேட்டு வாங்கி, பெயர் போட்டுச் சேமியுங்கள். நன்றி, வணக்கம்.